மாரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை

பாலைவனம் என்றதும் நம் மனம் நேரே அரபு நாட்டுக்குப் போய்விடுகிறது. ஆனால் அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியும் பெரும்பாலும் பாலைதான். அங்கும் ஒட்டகம் உண்டு. பேரீத்த மரம் உண்டு. பாங்கு ஒலித்த மண் பள்ளிவாசல் ஒன்றும் ஒரு காலத்தில் இருந்தது. கைத்தொலைபேசி வேலை செய்யாத, அடுத்த வீடு நூறு கிலோ மீற்றருக்கு அப்பால் இருக்கிற அந்தப் பாதைகளில் பிள்ளைகளோடு வாகனத்தில் போவதற்கு என்னென்ன ஆயத்தம் வேண்டும் என்பதைத்தான் உங்களுக்கு எழுத வந்தேன். நம்மவர் பலர் இன்று மெல்பேர்னிலும் சிட்னியிலும் குடியிருக்கிறார்கள். பாடசாலை விடுமுறை வந்தால் உள்நாட்டைப் பார்க்க அவர்களுக்கும் ஆசை வருகிறது.

தென் அவுஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 700 கிலோ மீற்றர் போனால் மாரீ என்ற சிற்றூர். அங்கிருந்து குயின்ஸ்லாந்து எல்லையைத் தாண்டிப் பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோ மீற்றர் மண்ணும் சரளையுமான பாதை. மாடுகளை ஓட்டி வர ஏற்பட்ட பாதை அது. அந்த வழியே மாவும் சீனியும் தேயிலையும் சுமந்து போனவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் தீனுல் இஸ்லாத்தைச் சேர்ந்த ஒட்டகக்காரர்கள்!

1860 இல் பேர்க், வில்ஸ் என்ற இருவரின் தலைமையில் மெல்பேர்னிலிருந்து கண்டத்தை ஊடறுக்கப் புறப்பட்ட கூட்டத்துக்காகக் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்களும் அவற்றை நடத்த ஆட்களும் கப்பலில் வந்தார்கள். 1866 இல் நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்கள் போர்ட் ஒகஸ்டாவில் இறங்கின. பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப், ஆப்கானிஸ்தான் எனப் பல இடத்தவர்களாக இருந்தும் எல்லோரையும் வெள்ளையர் ‘ஆப்கானியர்’ என்றே அழைத்தனர். மனைவி மக்களைக் கூட்டிவர அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. மாரீ ஊரில் ரயில் பாதைக்கு ஒரு பக்கம் வெள்ளையர் வீடுகள், மறுபக்கம் இவர்களுடையதும் பழங்குடி மக்களுடையதும். அந்த மறுபக்கத்தில்தான் 1880களில் மண்ணால் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. அது அந்நாட்டின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று. இன்று அங்கே நிற்பது பிற்காலத்தில் நினைவுக்காகக் கட்டிய மாதிரிதான். லொறிகள் வந்து ஒட்டகத்துக்கு வேலையில்லாமல் போனதும் பலர் தம் ஒட்டகங்களைச் சுட மனமின்றிக் காட்டில் அவிழ்த்து விட்டார்கள். அவற்றின் வழிவந்தவை இன்று லட்சக்கணக்கில் அந்தப் பாலையில் திரிகின்றன.

அவர்களுள் பெஜா தர்வேஷ் என்ற பலூச்சியரைப் பற்றி மட்டும் இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். 1896 இல் கல்வேர்ட் ஆய்வுப் பயணம் மேற்குப் பாலையில் சிக்கியது. பிரிந்து போன இருவர் தாகத்தால் மடிந்தனர். ஒட்டகங்களை நடத்திய பெஜா கடைசி வரை உறுதியாக நின்றார். பயணத் தலைவர் வெல்ஸ் நன்றியாகத் தம் திசைகாட்டியையே அவருக்குக் கொடுத்தார். பெஜா மாரீயிலேயே வாழ்ந்து 1957 இல் வபாத்தானார்.

இனி ஆயத்தத்துக்கு வருவோம். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அடிலெய்டில் குடும்பத்தோடு இருக்கிறார். மதரஸா விடுமுறையில் நான் அவர் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் இந்தப் பயணத்துக்கான திட்டம் சாப்பாட்டு மேசையில் விரிந்து கிடந்தது. இரண்டு குடும்பம், இரண்டு ஜீப், ஆட்கள் ஒன்பது பேர். மார்க்கச் சட்டம் கேட்கத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் அந்த மேசையில் நான் சொன்னதை விடக் கற்றதே அதிகம்.

முதலில் எங்கே போவதில்லை என்று முடிவு செய்தார்கள். அது நல்ல முறை. பேர்ட்ஸ்வில்லுக்கு மேற்கே சிம்ப்ஸன் பாலை. ஆயிரத்துக்கு மேற்பட்ட மணல் மேடுகள், இடையில் எரிபொருள் கிடையாது. இளைஞர்கள் அதைக் கடக்க ஆசைப்பட்டார்கள். வீட்டுக்காரி ஒரே சொல்லில் மறுத்தார். ‘பிக் ரெட்’ என்ற பெரிய மேடு பேர்ட்ஸ்வில்லிலிருந்து 35 கிலோ மீற்றரில்தான் இருக்கிறது, அதில் பிள்ளைகள் சறுக்கி விளையாடினால் போதும் என்றார். போதும்தான்.

அடுத்தது காலம். அங்கே டிசம்பரும் ஜனவரியும் கொடுங்கோடை. அதே பகுதியிலுள்ள ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 ஆந் திகதி 50.7 பாகை வெப்பம் பதிவானது. சிம்ப்ஸன் பாலைப் பூங்காவைக் கோடையில் அடைத்தே விடுகிறார்கள். மே முதல் ஓகஸ்ட் வரைதான் குடும்பத்துக்கு ஏற்ற காலம். அப்போது இரவில் கடுங்குளிர். சுபஹுக்கு எழும்போது விரல் விறைக்கும், கம்பளி கட்டாயம். இதில் ஒரு வேடிக்கை: பாலையில் மழை பெய்யாவிட்டாலும் வெள்ளம் வரும். நூற்றுக்கணக்கான கிலோ மீற்றருக்கு அப்பால் குயின்ஸ்லாந்தில் பெய்த மழை வாரக்கணக்கில் ஊர்ந்து வந்து கூப்பர் ஆற்றை நிரப்பிப் பாதையை மறித்துவிடும். ஆகவே புறப்படும் அன்று காலையும் அரசாங்கத்தின் பாதை அறிவிப்பைப் பார்க்க வேண்டும். மூடிய பாதையில் ஓட்டினால் தண்டம் உண்டு. பாதையும் பாழாகும்.

எரிபொருள் கணக்கு எளிது. நல்ல வீதியில் 100 கிலோ மீற்றருக்கு 15 லீற்றர் குடிக்கிற வாகனம், சுமையோடும் மணலிலும் 20 லீற்றர் குடிக்கும். 517 கிலோ மீற்றருக்கு ஏறத்தாழ 103 லீற்றர். அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு. மாரீயை விட்டால் 200 கிலோ மீற்றர் தாண்டி மங்கரானியில் ஒரு விடுதியில் எண்ணெய் உண்டு. பிறகு பேர்ட்ஸ்வில்தான். உதிரி டயர் வாகனத்துக்கு இரண்டு. கூரான கற்கள் பரந்து கிடக்கும் ஸ்டேர்ட் கல் பாலையை இந்தப் பாதை தொட்டுச் செல்கிறது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து மெதுவாக ஓட்டினால் கல்லும் அவ்வளவாகக் கிழிக்காது. பாதை தகரக் கூரை போல் அலை அலையாக இருக்கும். அந்த அதிர்வில் ஆணி கழலும், சம்பல் போத்தல் உடையும். எனவே கண்ணாடிப் போத்தல் ஒன்றும் வேண்டாம். பாரமானதைக் கூரையில் ஏற்றவும் வேண்டாம், வாகனம் சரிந்துவிடும்.

தண்ணீர்! குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் என்று வைத்தார்கள். ஒன்பது பேருக்கு 45 லீற்றர். இரண்டு நாள் பாதைக்கு ஐந்து நாள் தண்ணீர் என்றால் 225 லீற்றர், அதாவது 225 கிலோ பாரம். அதை ஒரே தொட்டியில் வைக்காமல் பல கலன்களில் இரண்டு வாகனத்திலும் பிரித்தார்கள். ஒன்று வெடித்தாலும் மற்றது இருக்கும். அந்த வீட்டுக்காரியின் சமையல் திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. சோறு ஒரு நேரம் மட்டும். அரிசியைக் கழுவவே எவ்வளவு தண்ணீர் போகிறது! மற்ற நேரம் வீட்டிலேயே சுட்டுக் கட்டிய ரொட்டி, மாசிச் சம்பல், பேரீத்தம்பழம். ஹலால் இறைச்சியைப் பொரித்து உறைய வைத்து எடுத்தார். வழியில் ஹலால் கிடைக்குமென எதிர்பார்க்கக் கூடாது. சட்டியை முதலில் மணலால் தேய்த்து, பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரில் அலசுவது. மறைவுக்கு மரமில்லாத வெளி அது. ஆகவே பெண்களுக்கென்று ஆள் நிற்கும் உயரத்தில் ஒரு சிறு கூடாரமும் பட்டியலில் இருந்தது. ஆண்கள் எழுதிய பட்டியலில் அது இருக்கவில்லை!

இந்த 225 லீற்றரில் வுழூவுக்குப் பங்கு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதைத்தான் என்னிடம் கேட்டார்கள். தண்ணீர் கையில் இருந்தும், அது தாகத்துக்குத் தேவைப்படுமென்ற நிலை இருந்தால், தயம்மும் செய்வதே முறை. இப்போது தாகம் இல்லாவிட்டாலும் வழியில் வரப்போகும் தாகத்துக்காகவும் அப்படித்தான். தன் உயிர் மட்டுமல்ல, கூட வருபவரின் உயிரும், வளர்ப்புப் பிராணியின் உயிரும்கூட அதில் அடங்கும் என நம் ஷாபிஈ இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். நேரம் வந்த பின்னரே தயம்மும் செய்ய வேண்டும். ஒவ்வொரு பர்ளுக்கும் தனித்தனி. தூசுள்ள மண்ணாக இருக்க வேண்டும், வெறும் கல் போதாது. கல் பாலையில் தங்கும் இரவுக்கென்று ஒரு சிறு பையில் சுத்தமான மண் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சிரித்தார்கள்; ஆனால் எடுத்துக்கொண்டார்கள். ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் சுருக்கியும் தொழும் சலுகை இருப்பதால் வாகனத்தை அடிக்கடி நிறுத்தவும் தேவையில்லை.

கிப்லா? மாரீயில் நின்றால் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசை. நம் நாட்டிலும் ஏறக்குறைய அப்படியே, இங்கு வடக்குச் சாய்வு இன்னும் கொஞ்சம் கூட. ஆனால் ஏமாந்துவிடாதீர்கள்: அங்கே நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும், இரவில் துருவ நட்சத்திரம் தெரியாது. திசைகாட்டியை வாகனத்தின் இரும்பை விட்டுப் பத்து இருபது அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

தவக்குல் வைத்தால் போதாதா, இவ்வளவு கணக்கா என்று கேட்கிறவர்கள் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியது திர்மிதியில் பதிவாகியுள்ளது. மூவர் பயணம் போனால் ஒருவரைத் தலைவராக்கச் சொன்னதும், இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்கச் சொன்னதும் அவர்களே. பின்னதை அங்கே நேரில் விளங்கிக்கொள்ளலாம்: மாடு ஏற்றிய மூன்று பெட்டி லொறி இரவில் அந்தப் பாதையில் வரும். காய்ந்த ஆற்றுப் படுகையிலும் கூடாரம் அடிக்கக் கூடாது.

1963 டிசம்பரில் மாரீயில் வாழ்ந்த ஒரு குடும்பம், தாய் தந்தை, மூன்று ஆண்பிள்ளைகள், இதே பாதையில் காரில் போனார்கள். வழி தவறிப் பெற்றோல் தீர்ந்தது. காரை விட்டு நடந்தார்கள். ஐந்து பேரும் தாகத்தால் இறந்தார்கள். அங்குள்ளவர்கள் இன்றும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லும் பாடம், வாகனம் நின்றுவிட்டால் வாகனத்தை விட்டு நகராதே என்பதுதான். நிழல் அதில்தான் உண்டு. வானத்திலிருந்து தேடுபவன் கண்ணுக்கு மனிதன் தெரியமாட்டான், வாகனம் தெரியும். அன்னை ஹாஜரா அவர்களும் ஓடியது பிள்ளைக்குப் பக்கத்திலிருந்த இரு குன்றுகளுக்கிடையில்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

செய்மதித் தொலைபேசி ஒன்று, அழுத்தினால் செய்மதி வழியே ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி ஒன்று, வாகனத்துக்கு வாகனம் பேசும் வானொலி. இவை மூன்றையும் எடுத்தார்கள். 1928 இல் தொடங்கிய பறக்கும் வைத்தியர் சேவை அந்நாட்டில் உண்டு. ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்காவது தெரிந்தால்தானே விமானம் வரும்?

அந்த ‘யாராவது’ யார் என்பதில்தான் மேசையில் மனஸ்தாபம் வந்தது. மாணவரின் தாயாருக்கு எழுபது வயது, நீரிழிவுக்கு ஊசி போடுகிறவர். அவரும் வருவேன் என்றார். மருந்தைக் குளிரில் வைக்க வழியுண்டு, கூட்டிப் போகலாம் என்று மகன். மயங்கினால் நடுப்பாதையில் என்ன செய்வது என்று மருமகள். தாயார் முகம் வாடிவிட்டது. என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்குமுன் அவரே, “நான் வீட்டில் இருந்தால் எனக்கு என்ன வேலை தருவாய் மகன்?” என்று கேட்டார். மகன் தாளில் எழுதினார்: எந்த நாளில் எந்த இடம், இரு வாகனங்களின் இலக்கம், ஒன்பது பேரின் பெயர், பொலிஸின் தொலைபேசி எண். ஒவ்வொரு மஃரிபுக்குப் பின்னும் ஓர் அழைப்பு வரும். வராவிட்டால் மறுநாள் காலை எட்டு மணி வரை பொறுத்து, அதற்கு மேல் ஒரு நிமிடமும் காத்திராமல் பொலிஸை அழைக்க வேண்டும்.

தாயார் அதை இரண்டு தரம் வாசித்தார். பேனையை வாங்கி எட்டு மணியை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினார். பிறகு தொழுகை நேரக் கலண்டருக்குப் பக்கத்தில் அதை ஒட்டச் சொன்னார்.