வெறும் பையுடன் ஒரு மாலை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. வெள்ளம் வடியத் தொடங்கிய நாட்களில் ஒரு மாலை, வகுப்பறைச் சேற்றை அள்ளிக் கழுவிவிட்டு, பையும் கையுமாகக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டேன். வேண்டியவை மூன்றே: மெழுகுவர்த்தி, பால், அம்மாவுக்கு இன்சுலின்.

மெழுகுவர்த்தி காலையிலேயே தீர்ந்துவிட்டதாம். பால் வண்டி வரவில்லை. எப்படி வரும்? தாமிரபரணி வெள்ளம் சாலைகளை அரித்துப் போட்டிருந்ததே! கையிலும் பணம் குறைவு. மின்சாரமே இல்லாத ஊரில் ஏ.டி.எம். கதவைத் தள்ளிப் பார்த்தேன் (என்ன நம்பிக்கையோ!). மருந்துக் கடையில் இன்சுலின் இருந்தது. ஆனால், “ஃபிரிட்ஜ் ஓடி நாலு நாளாச்சு டீச்சர். உங்களுக்கு இதைக் கொடுக்க மனசு வரலை” என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். கோபம் பொங்கியது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“என்ன டீச்சர், போன பை அப்படியே திரும்பி வருது?” என்றார் அடுத்த வீட்டு ராத்தா. அரைப் பாக்கெட் பால்மாவும் ஒரு மெழுகுவர்த்தித் துண்டும் தந்தார்.

வீட்டில், ஈரமணலில் புதைத்த மண்கலயத்துக்குள் கடைசி இன்சுலின் குப்பி. அம்மா கலயத்தைத் தொட்டுப் பார்த்து, “குளிர்ச்சியாத்தான் இருக்கு, நீ முதல்ல காலைக் கழுவு” என்றாள். இன்னும் இரண்டு நாளைக்கு வரும். அதற்குள் எந்த ஊருக்கு நடக்கலாம் என்று எண்ணியபடியே கால் கழுவினேன்.