கம்ப்ரசர் போச்சா?

கத்திரி வெயிலில் ஏசி நின்றுபோன டாக்ஸியில் போனவர்களுக்குத்தான் தெரியும், மனுஷ உறவு எவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகும் என்று. மதுரை விமான நிலையத்தில் ஏறும்போது "அண்ணே, சாப்பிட்டீங்களா" என்று கேட்ட குடும்பம், பரமக்குடி தாண்டியதும் வாயைத் திறப்பதில்லை. ராமேஸ்வரத்தில் இறங்கும்போது பேசின வாடகையில் ஐந்நூறு ரூபாயைக் குறைத்துத்தான் கொடுக்கிறது.

மதுரைக்கார ஓட்டுநர் ஒருவருக்கு இது 2024 மே முதல் வாரத்தில் இரண்டு முறை நடந்தது. 2015 மாடல் டீசல் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, தவணை இன்னும் முடியவில்லை. டிரிப் கொடுக்கும் டிராவல்ஸ்காரர், இன்னொரு முறை புகார் வந்தால் ஏர்போர்ட் டிரிப் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் ஃபீஸ் கட்ட வேண்டும். டாக்ஸிக்காரருக்கு ஏசி என்பது சொகுசு சாமான் இல்லை, கடைக்காரருக்குத் தராசு மாதிரி.

வண்டியில் இரண்டு கோளாறுகள். ஒன்று, ஏசி போட்டவுடன் 'கீஈஈச்' என்று ஒரு சத்தம். இரண்டாவது, காலையில் பனிக்கட்டி போலக் குளிர்கிற ஏசி மதியத்துக்கு மேல் வெறும் காற்றாக வரும். இரண்டும் தனித்தனி வியாதி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

சத்தத்துக்கு வைத்தியம் முதலில் நடந்தது. எட்டு மாதத்தில் இரண்டு பெல்ட் மாற்றியாயிற்று. வீட்டு ஃபிரிட்ஜில் கம்ப்ரசரைச் சுற்ற உள்ளேயே ஒரு மோட்டார் இருக்கிறது. பெட்ரோல், டீசல் கார்களில் பெரும்பாலும் இன்ஜின்தான் அதைச் சுற்ற வேண்டும். இன்ஜின் முன்னால் இருக்கிற கிராங்க் புல்லியில் இருந்து ஒரு ரப்பர் பெல்ட் கிளம்பி, ஆல்டர்னேட்டர், கம்ப்ரசர் என்று ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு வரும். பழைய அம்பாசடர் காலத்தில் 'வி' வடிவ பெல்ட். இப்போது உள்பக்கம் நீளவாட்டில் வரிவரியாகப் பள்ளம் உள்ள தட்டை பெல்ட். ஆகவே முன்பக்கம் 'கீச்' என்றால் பெல்ட் என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். அதுதான் வம்பே!

குளிர்ச்சிக்கு வைத்தியம், 'கேஸ் குறைஞ்சிருக்கு' என்று டாப்-அப். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் கிடையாது. மூடின குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் கேஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. ஆனாலும் வருஷா வருஷம் கோடையில் இது பிரமாதமாக நடக்கிறது.

டாப்-அப் போட்ட ஒரு வாரத்தில் மறுபடியும் ஏசி நின்றது. இந்த முறை பட்டறைக்காரர் ஒரு தாளில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார். புதுக் கம்ப்ரசர், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். ரீகண்டிஷன் செய்த பழைய கம்ப்ரசர் போட்டால் 11,000. பிள்ளைகளின் ஃபீஸ் கண் முன்னால் வர, பதினோராயிரத்துக்கே ஓட்டுநர் தலையாட்டி, முன்பணமும் எடுத்துவிட்டார். மாற்ற வேண்டிய கம்ப்ரசர் வர இரண்டு நாள் ஆகும் என்றதால், அதற்குள் சக டிரைவர் ஒருவர் ஊரின் இன்னொரு மூலையில் இருந்த வயதான மெக்கானிக்கிடம் அனுப்பினார். அவரிடம் போர்டு கிடையாது. ஒரு வேப்பமரமும் இரண்டு பையன்களும்தான் பட்டறை.

அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேட்டது இதுதான்.

"தம்பி, ஏசி எப்ப நிக்குது?"

"மத்தியானம்ண்ணே."

"மத்தியானம்னா? ஓடிக்கிட்டு இருக்கும்போதா, நின்னு கிளம்பும்போதா?"

ஓட்டுநர் யோசித்தார். இதை அதுவரை யாரும் கேட்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. இரண்டு தடவையும் பரமக்குடியில் சாப்பாட்டுக்கு நிறுத்தி, அரைமணி கழித்துத் திரும்பக் கிளம்பிய பிறகுதான். அதற்கு முன் மதுரையில் ஒரு நாள், காளவாசல் சிக்னல் நெரிசலில் நின்று நின்று போனபோது. இரவில் ஒருநாளும் நின்றதில்லை. வண்டி நன்றாக ஆறிவிட்டால் தானாகவே குளிர ஆரம்பித்துவிடும்.

"கம்ப்ரசர் செத்துச்சுன்னா ராத்திரி மட்டும் உசுரோட எந்திரிக்குமா?" என்றார் மெக்கானிக்.

அப்புறம்தான் பானெட் திறந்தது. இன்ஜின் ஓட, ஏசி போடச் சொன்னார். 'டிக்' என்ற சத்தத்தோடு கூடவே அந்தக் 'கீச்'. ஒரு பையன் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, பெல்ட்டின் வரிப்பக்கம் பீய்ச்சினான். பெல்ட் சத்தமாக இருந்தால் தண்ணீர் பட்டதும் ஏதாவது மாறும். சத்தம் அடங்கிப் பிறகு திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் இறுக்கம் போதாமல் பெல்ட் வழுக்குகிறது. இங்கே இரண்டும் நடக்கவில்லை. ஏசி சேரும்போது மட்டும் அதே 'கீச்', அதே அளவு.

இன்ஜினை நிறுத்தி பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தார். பேரிங் போயிருந்தால் விரலுக்கே 'கரகர' என்று தெரியும், இல்லாவிட்டால் புல்லி லேசாக ஆடும். எல்லாம் வழவழவென்று சுற்றின. பெல்ட்டும் நன்றாகவே இருந்தது. (பழைய நியோப்ரீன் ரப்பர் பெல்ட்கள் வயதானால் குறுக்கே வெடிக்கும், கண்ணாலேயே சொல்லிவிடலாம். இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் அவ்வளவு சுலபமாக வெடிக்காது. டயர் தேய்கிற மாதிரி உள்வரி தேயும். வெடிப்பு இல்லாததால் பெல்ட் நல்லது என்றும் சொல்ல முடியாது, அளவுபார்க்கிற சின்ன பிளாஸ்டிக் கேஜை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அவர் அதை வைத்தும் பார்த்தார்.)

கடைசியில் கம்ப்ரசர் முகப்புக்கு வந்தார். கம்ப்ரசர் எப்போதும் ஓடுவதில்லை. பெல்ட் சுற்றுவது வெளிப்புல்லியை மட்டும்தான். ஏசி பட்டனைப் போட்டதும் புல்லிக்குப் பின்னால் இருக்கிற காயில் மின்காந்தமாகி, முன்னால் இருக்கிற கிளட்ச் பிளேட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். அந்த 'டிக்' இதுதான். பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி, பல வண்டிகளில் 0.3 முதல் 0.6 மி.மீ. வரை. லட்சக்கணக்கான தடவை ஒட்டி ஒட்டி இரண்டு முகமும் தேயத் தேய இடைவெளி கூடும். ஃபில்லர் கேஜை உள்ளே விட்டுப் பார்த்தால் இந்த வண்டியில் 0.9.

அவ்வளவு தூரத்தில் இருந்து இழுக்கும் காந்தம் காலையில் எப்படியோ சமாளித்துவிடும். கொஞ்சம் வழுக்கி, 'கீச்' என்று கத்திக்கொண்டு ஒட்டும். ஆனால் செம்புக்கம்பி சூடாக ஆக அதன் மின்தடை ஏறும். 20 டிகிரியில் இருந்து 100 டிகிரிக்குப் போனால் தடை சுமார் 30 சதவீதம் கூடுகிறது. கரண்ட் குறைகிறது, காந்தம் சோர்ந்துபோகிறது. ஓடும்போது காற்றாவது படும். பரமக்குடியில் அரைமணி நேரம் நின்றால் இன்ஜின் சூடு முழுக்க அந்தக் காயில் மேல்தான். ஆக, கீச் சத்தத்துக்கும் மதிய வெக்கைக்கும் காரணம் ஒன்றுதான்!

ஊகம் என்று விட்டுவிடவில்லை. பெல்ட்டைத் திரும்ப மாட்டி, ஏசியோடு வண்டியை முக்கால் மணி நேரம் வெயிலில் ஓடவிட்டு, நிறுத்தி, ஊறவைத்து, மறுபடி கிளப்பினார். டிக் வரவில்லை. காயிலுக்குக் கரண்ட் வருகிறதா என்று மீட்டரில் பார்த்தார், வந்தது. நீளமான ஒரு மரக்குச்சியால், சுற்றாமல் நிற்கிற பிளேட்டை லேசாக முன்னே தள்ளினார். (இதை வீட்டில் முயற்சி செய்து விரலை இழக்காதீர்கள், ஓடுகிற பெல்ட் பக்கத்தில்தான் எல்லாமே.) டிக். ஐந்து நிமிஷத்தில் உள்ளே குளிர் வந்துவிட்டது.

சக்கரத்தைக் கழற்றி, உள்மறைப்பை எடுத்து, நடு போல்ட்டைத் திருகிப் பிளேட்டை வெளியே எடுத்தார். உள்ளே அளவுக்காக வைத்த மெல்லிய வாஷர்கள், ஷிம் என்பார்கள். அதில் 0.3 மி.மீ. கனமுள்ள ஒன்றை எடுத்துவிட்டு மூடினார். கேஜ் 0.6 காட்டியது. கேஸ் குழாயைத் தொடவே இல்லை.

"பதினோராயிரத்துக்கு அந்தப் பழைய கம்ப்ரசரப் போட்டிருந்தா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

அதற்கு வந்த பதிலைக் கார் வைத்திருப்பவர்கள் கேட்பது நல்லது. கம்ப்ரசர் மாற்றுவது ஸ்டெப்னி மாற்றுகிற மாதிரி இல்லை. உள்ளே நிஜமாகவே உடைந்த கம்ப்ரசர் என்றால் இரும்புத்தூள் குழாய் பூராவும் போயிருக்கும். அதைக் கழுவாமல் புதுசை மாட்டினால் அதே தூள் புதுசையும் தின்றுவிடும். சில கண்டன்சர்களைக் கழுவவே முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஈரத்தை உறிஞ்சுகிற டிரையரையும் மாற்ற வேண்டும், ஆயிலைச் சொன்ன அளவில் ஊற்ற வேண்டும், வேக்குவம் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகே கேஸ். அந்த எஸ்டிமேட் தாளில் டிரையர் என்ற வார்த்தையே இல்லை. நன்றாக இருந்த சீல் வைத்த சிஸ்டத்தைத் திறந்து, எங்கிருந்தோ வந்த ஒன்றைப் பொருத்தி, அது ஆறு மாதத்தில் போனால் 'செகண்ட்ஸ்னா அப்படித்தான்' என்று சொல்லியிருப்பார்கள்.

கூலி எவ்வளவு என்று கேட்டதும் மெக்கானிக் 600 ரூபாய் என்றார்.

இங்கேதான் வேடிக்கை. பத்தாயிரத்துக்கு மேல் மிச்சமான அந்த மனிதர், "ஒரு வாஷர எடுத்ததுக்கு அறுநூறாண்ணே?" என்று பேரம் பேசினார்! அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. பெல்ட் வாங்கினால் அட்டைப்பெட்டி கையில் கிடைக்கிறது. கம்ப்ரசர் கனமாக இருக்கிறது, பில்லில் ஒரு வரி ஏறுகிறது, விற்ற பட்டறைக்கு லாபமும் அதில்தான். மூன்று மணி நேரம் வெயிலில் நின்று கண்டுபிடித்ததை எந்த வரியில் எழுதுவது? முதல் பட்டறைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்றுகூடச் சொல்ல முடியாது. பார்த்துச் சொல்வதற்கு யாரும் காசு தராத இடத்தில், விற்றால்தான் அவருக்குச் சாப்பாடு. நம் கணக்குப் புத்தகத்தில் அந்த வேலைக்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

மெக்கானிக் கோபப்படவில்லை. ஐந்நூறு வாங்கிக்கொண்டு, "பிளேட்டு முகம் கருகியிருக்கு தம்பி. இந்த சீசன் தாங்கும். அப்புறம் கிளட்ச் செட்ட மட்டும் மாத்திக்க, கம்ப்ரசரத் தொடாத," என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரமே ராமேஸ்வரம் டிரிப். பரமக்குடியில் பயணிகள் சாப்பிட்டு வருவதற்குள் ஓட்டுநர் இரண்டு தடவை வண்டியைக் கிளப்பிக் காது கொடுத்துப் பார்த்தார். இரண்டு தடவையும் டிக். பேசின வாடகை முழுசாக வந்தது. ஆவணியில் கிளட்ச் செட் மாற்றினார், அதே வேப்பமரத்தடியில், இந்த முறை கூலியில் பேரம் பேசாமல். கம்ப்ரசர் பழையதுதான், பெல்ட்டும் அந்த இரண்டாவது பெல்ட்தான்.