20 கிலோவுக்குள் ஒரு குடும்பம்

என் பேத்திக்கு மாலத்தீவில் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. போன வாரம் முழுவதும் சாத்தாங்காட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு என் மகளும் பேத்தியும் ஒரே வாக்குவாதம். "இதை எடுத்துக்கோடி." "அது வேணாம்மா." நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு 1982-ஆம் வருஷம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அந்த வருஷம்தான் நான் நைஜீரியாவுக்கு டீச்சர் வேலைக்குப் போனேன். 1976-ல் அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் ஆரம்பக் கல்வி என்று திட்டம் கொண்டுவந்தார்கள். அந்தப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபோது ஆசிரியர்கள் போதவில்லை. எண்ணெய்ப் பணம் இருந்தது. ஒரு நைரா அப்போது ஓர் அமெரிக்க டாலரை விட மதிப்பு கூடியது. நம் நாட்டிலிருந்து எத்தனையோ பேர் போனார்கள். எங்கள் வீட்டிலோ, என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிக் கிடந்தது. கடன்காரர்கள் வாசலில் நின்றார்கள். நாலு வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

விமானத்தில் 20 கிலோதான் அனுமதி. தெருக்கோடி மளிகைக் கடைத் தராசில் பெட்டியை வைத்து வைத்து நிறுத்தோம். கஞ்சி போட்ட பருத்திப் புடவைகள் ஆறு, நைலக்ஸ் இரண்டு, உள்பாவாடை, ரவிக்கைகள், புளி, மிளகாய்த்தூள். எல்லாவற்றுக்கும் அடியில் மகளின் பழைய கவுன் ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன். மாமியார் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"குழந்தை துணியைப் பார்த்துப் பார்த்து அழவா போறே?" என்று எடுத்துவிட்டு, என் கல்யாணக் கூறைப்பட்டை வைத்தார். "ஒரு நல்லது கெட்டதுன்னா கட்டிக்க வேணாமா? நாலு பேரு என்ன நெனைப்பாங்க?"

வேண்டாம் அத்தை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் எப்படி மறுப்பது?

போர்ட் ஹார்கோர்ட் பக்கத்தில் வேலை. நம் சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அங்கே 2,000-க்கும் மேல். துணி உலர நாளாகும். கஞ்சி போட்ட புடவைகளில் பூஞ்சணம் பூத்தது. பட்டுப் புடவையை ஒருநாள்கூடக் கட்டவில்லை. நாலு மாதம் கழித்துப் பிரித்தால், மடிப்பு மடிப்பாகக் கருப்புப் புள்ளி. ஜரிகை மங்கிப் போயிருந்தது.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில் 'டும்பு ஈ' என்று ஓர் ஈ. நிழலில் காயும் ஈரத் துணியில் முட்டையிடும். அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்து கட்டியாகக் கிளம்பும். என் இடுப்பில் மூன்று கட்டி வந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. பக்கத்து வீட்டம்மா சிரித்துக்கொண்டே கரிப்பெட்டியை எடுத்து வந்து கற்றுக்கொடுத்தாள்: உள்பாவாடை, உள்ளாடை, துண்டு எதுவானாலும் இரு பக்கமும், மடிப்புகளிலும் நல்ல சூட்டில் இஸ்திரி போட்டபின்தான் உடம்பில் படலாம்.

அந்த அம்மாள் இடுப்பில் சுற்றியிருந்த துணியை அன்றைக்குத்தான் கவனித்தேன். சிவப்பும் நீலமுமாகக் கட்டம் போட்ட துணி. நம் ஊர் லுங்கி மாதிரியே இருந்தது. கேட்டால், 'இஞ்சிரி' என்றாள். 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று நம் கடற்கரையிலிருந்து தலைமுறை தலைமுறையாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய கைத்தறித் துணிதான் அது. களபாரி மக்கள் பிறப்பு முதல் இறப்பு வரை சடங்குகளில் அதைத்தான் உயர்வாக வைத்திருக்கிறார்கள். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலடிப்பேட்டை, எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் போய்த்தான் நம்மூர்த் துணியின் பெருமையைத் தெரிந்துகொண்டேன்! அதிலே இரண்டு கெஜம் வாங்கி, இரவில் போர்த்திக்கொண்டேன். ஆனாலும், அந்தச் சின்ன கவுன் இல்லையே என்று பல ராத்திரி அழுதிருக்கிறேன். கவுன் இருந்தாலும் அழுதிருப்பேன்தான். ஆனால் கையில் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்திருக்கும்.

1985-ல் கடனை அடைத்துவிட்டுத் திரும்பினேன். பட்டுப் புடவையைக் காட்டப் பயந்தேன். மாமியார் அதைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கெட்டுப்போகாத பகுதியை வெட்டி, ஏழு வயதாகியிருந்த என் மகளுக்குப் பாவாடை தைத்துப் போட்டார். அந்தக் குழந்தை முதல் இரண்டு நாள் என்னிடம் வரவேயில்லை. மூன்றாம் நாள் அந்தப் பாவாடையோடு வந்து மடியில் உட்கார்ந்தது.

இப்போது பேத்தியிடம் நான் சொன்னது இதுதான். மாலத்தீவில் வருஷம் முழுக்க வெயிலும் புழுக்கமும்தான். சீக்கிரம் உலரும் மெல்லிய பருத்தித் துணிகளாக எடு. அது முஸ்லிம் நாடு. கை, கால் மூடும்படி தளர்வாகத் தைத்துக்கொள். ரவிக்கை, சட்டைகளில் இரண்டு விரல் துணி உள்ளே விட்டுத் தை; புது ஊர்ச் சாப்பாட்டில் உடம்பு கூடும், குறையும். தீவுக்குத் தீவு படகில் போகவேண்டும். வழுக்காத ரப்பர் செருப்பு வேண்டும். வழிபாட்டுச் சிலைகள் எடுத்துப்போக அங்கே சட்டம் இடம் தராது. சாமியை மனசில் வைத்துக்கொள். உப்புக்காற்றுக்குப் பட்டும் ஜரிகையும் ஆகாது.

நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மகள் ஒரு காஞ்சிபுரம் பட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"வேணாம்மா," என்றேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

அவள் முகம் வாடியது. "அப்ப நான் என்னதான் வெச்சு அனுப்பறது?"

கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய பழைய வாயில் புடவையைக் காட்டினேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. முழுதாக மடித்தால்கூட அரைக் கிலோ இராது. அதை அவளே மடித்து, பெட்டியின் மேல்பக்கம் வைத்தாள்.