கணினிவழி இசை கேட்டல்

இசை கேட்கும் வழிகள் காலந்தோறும் மாறிவந்துள்ளன. கோயில் வீதியிலும் கல்லூரி மண்டபத்திலும் நேரே கேட்டோர் பின்னர் இசைத்தட்டிலும் வானொலியிலும் கேட்டனர். அதன்பின் கசெற்றும் இறுவட்டும் வந்தன. இன்றோ பலருக்குக் கணினியே கச்சேரி மேடையாகிவிட்டது. பழைய மாணவராகிய யாம் சிலர் விடுமுறை நாட்களில் ஒருங்குகூடி இவ்வாறு இசை கேட்டு வருகின்றோம். அங்ஙனங் கூடும்போதெல்லாம் எழும் வினா ஒன்றுண்டு: கணினியிலிருந்து வரும் ஒலியை இன்னுஞ் சிறப்பித்தற்கு எதனை வாங்கவேண்டும்? எதனை வாங்குவது என்பதன்று, எதனை நீக்குவது என்பதே கேட்கத்தக்க வினா என்பது பல்லாண்டுப் பழக்கத்தால் யாம் கண்ட முடிபு. அதனை இவ்விழா மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

சமய பாட வகுப்பிற் செம்பையுங் களிம்பையும் உவமையாகக் கேட்டிராதவர் எம்முள் இலர். செம்பின் ஒளியைக் களிம்பு மறைக்கின்றது. கணினியொலியின் நிலையும் அத்தகையதே. 1982 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இறுவட்டில், ஒலியலையானது செக்கனுக்கு 44,100 முறை அளவெடுக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகப் பதியப்படுகின்றது. மனிதச் செவி கேட்கும் மீடிறனோ ஏறக்குறைய 20 ஹேட்ஸ் முதல் 20,000 ஹேட்ஸ் வரையே. ஓர் ஒலியில் அடங்கிய மிகவுயர்ந்த மீடிறனின் இருமடங்கிற்கு மேற்பட்ட வேகத்தில் அளவெடுப்பின், அவ்வளவுகளிலிருந்து மூல அலையை மீட்டுவிடலாமென்பதைக் குளோட் சனன் 1949 இல் வெளியிட்ட கட்டுரை விளக்கியது. ஆதலின், இலக்கமுறை ஒலி படிக்கட்டுப்போல் உடைந்து வருமென்பது பிழையான எண்ணம். நல்ல பதிவிலே செம்பு நிறைவாகவே உள்ளது. களிம்பு எங்கெங்கே படிகின்றது என்பதே ஆராயத்தக்கது.

முதற் களிம்பு கோப்பிலே உள்ளது. இறுவட்டின் ஒலிக்குச் செக்கனுக்கு 1,411 கிலோபிற் வேண்டும். அதனை 128 கிலோபிற்றாகச் சுருக்கிய எம்.பி.3 கோப்பில் எஞ்சுவது பதினொன்றில் ஒரு பங்கே. செவி கவனியாதெனக் கணிக்கப்பட்டவை அங்கே கழிக்கப்படுகின்றன. ஆயின், தவிலின் வலந்தலையிற் கூடணிந்த விரல்கள் விழும் அடி மிகச் சடுதியானது. கடுஞ் சுருக்கத்தில் அவ்வடிக்குச் சற்று முன்னரே அதன் நிழல்போன்ற மங்கலொலி பரவி, அடியின் முனை மழுங்கிவிடும். 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை இத்தகைய கோப்பிற் கேட்போர் அதன் வேகத்தை அறிவர். சொற்களின் தெளிவை இழப்பர். 320 கிலோபிற் அளவிற் சுருக்கின் வேறுபாடு காண்டல் அரிது. 2001 இல் வெளிவந்த ஃபிளாக் போன்ற இழப்பற்ற முறைகளிலோ ஒரு பிற்றும் குறைவதில்லை. ஆனால் முன்னரே கழிக்கப்பட்ட கோப்பை ஃபிளாக்காக மாற்றுவதாற் போனது மீளாது.

இரண்டாவது களிம்பு கணினியினுள்ளே உள்ளது. பல செயலிகளின் ஒலிகளைக் கலக்கும் பகுதி, 44,100 அளவுகளை 48,000 ஆக மாற்றியமைப்பதுண்டு. ஒலியை மேம்படுத்துவதாகச் சொல்லி அடித்தொனியைப் பெருக்குவனவும் செயற்கை எதிரொலி சேர்ப்பனவும் அமைப்புகளுள் மறைந்திருப்பதுண்டு. இவற்றை அணைத்துவிடுதல் முதற் கடமை. சுட்டியை அசைக்கும்போது கீச்சொலி கேட்பின், கணினியின் மின்னிரைச்சல் ஒலிப்பகுதியிற் புகுந்துள்ளதென்க. இலக்கங்களை ஒலியாக மாற்றும் வேலையை, யூ.எஸ்.பி. வழியாக வெளியே இணைத்த சிறு மாற்றியொன்றிடம் ஒப்படைத்தல் நன்று. இடையறாத உறுமல் பெரும்பாலும் வேறொரு நோய். எமது நாட்டு மின்னோட்டத்தின் மீடிறன் 50 ஹேட்ஸ். கணினியும் அம்பிளிபயரும் வெவ்வேறிடத்திற் புவித்தொடுப்புப் பெறின், அவற்றை இணைக்கும் வடத்தின்வழியே சிறு மின்னோட்டஞ் சுற்றி, 50 அல்லது 100 ஹேட்ஸ் உறுமலாகக் கேட்கும். இரண்டையும் ஒரே மின்னிணைப்பிலிருந்து இயக்குதல் பலவிடத்தும் இதனைத் தீர்க்கும். உறுமலுக்கு அஞ்சிப் புவித்தொடுப்புக் கம்பியை அகற்றுதல் உயிருக்கே ஆபத்து. அதனை எவருஞ் செய்யற்க.

மூன்றாவதும் யாவற்றினும் பெரியதுமான களிம்பு, கேட்கும் அறையே. சீமெந்துத் தரையும் சாந்து பூசிய சுவரும் ஒலியை உறிஞ்சுவதில்லை. வெற்றறையில் ஒருமுறை கை தட்டினால் எழும் அதிர்வொலி, நாதஸ்வரத்தின் ஒவ்வொரு சுரத்தின் மேலும் படிகின்றது. அன்றியும், எமது ஊர் வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் செல்லும். 3.5 மீற்றர் நீளமான அறையில் 50 ஹேட்ஸ் ஒலியின் அரை அலைநீளம் சரியாக அடங்குமாதலின், அங்கே நின்ற அலை தோன்றும். அத்தொனி சுவரோரத்தில் வீங்கியும் நடுவில் மெலிந்துங் கேட்கும். இலட்சம் ரூபாய் மாற்றியும் இதனைத் திருத்தாது. நாற்காலியை அரை மீற்றர் நகர்த்தின் ஒலி வேறாகும். யாம் செய்தவை எளியன: ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே எடுத்துச் செவியின் உயரத்தில் வைத்தோம், அவ்விரண்டும் கேட்போரும் சமபக்க முக்கோணமாக அமையச் செய்தோம், தரையில் தடித்த விரிப்பும், சாளரத்திற்குத் திரையும், பின்சுவரிற் புத்தக அலுமாரியும் இட்டோம். அன்று தம்புராவின் நாதம் ஸ்பீக்கரை விட்டு நீங்கி அறையின் நடுவே நின்றது.

இத்துணை முயற்சி எதற்கென வினவுவோர்க்கு ஒன்று கூறுவோம். எம்முள் ஒருவர் 1995 இடப்பெயர்வின்போது எடுத்துச்சென்ற பையில், உடுபுடவைகளிடையே ஒரு கசெற்றும் இருந்தது. ஊர்க் கோயிலின் திருவிழா இரவொன்றின் மேளக்கச்சேரி அதில் உள்ளது. வாசித்தோர் இன்றில்லை, வேறு பிரதியுமில்லை. அதனைக் கணினியில் ஏற்றுமுன் கருவியின் தலையைத் துடைத்து, அதன் சாய்வைத் திருத்துஞ் சிறு திருகாணியை மெல்லத் திருப்பி, உயர்தொனிகள் தெளிவாக வந்த இடத்தில் நிறுத்தினோம். பதிவுமட்டம் உச்ச எல்லையைத் தொடாதவாறு இடம்விட்டு, 24 பிற்றிற் பதிந்தோம். பின்னர்ப் படியொன்றை எடுத்து, நாடாவின் இரைச்சலை நீக்கும் மென்பொருளால் அதனைத் துலக்கிப் பார்த்தோம். இரைச்சல் போயிற்று. அதனோடு சீவாளியில் மூச்சு உரசும் ஒலியும், தூரத்து மணியின் கார்வையும், ஒரு பல்லவியின் முடிவில் 'ஆகா' என்ற குரலொன்றும் போயின. அக்குரல் தம் தந்தையாருடையது என்றார் நண்பர். செம்பை அளவுக்கு மீறித் தேய்ப்பின் களிம்போடு செம்பும் போம். ஆகவே நாடாவின் இரைச்சலை அவ்வாறே விட்டோம். துலக்காத மூலப்பதிவை மூன்று படிகளாக்கி மூன்று வீடுகளில் வைத்துள்ளோம்.

களிம்பெது, செம்பெது எனத் தெரிந்துகொள்ளுதற்குச் செவியைப் பழக்குதல் வேண்டும். இரண்டு கருவிகளுள் ஒன்று சிறிதே உரத்து ஒலித்தாலும் மனம் அதனையே சிறந்ததென மயங்கும். ஆதலின் இரண்டையுஞ் சம உரத்தில் வைத்து, ஒலிப்பது எதுவென அறியாமற் பலமுறை கேட்டுத் தீர்மானித்தல் வேண்டும். விலையுயர்ந்த இலக்க வடங்களை இங்ஙனஞ் சோதித்தபோது, எமது கூட்டத்தில் ஒருவராலும் வேறுபாடு காட்ட இயலவில்லை. பௌதிக ஆய்வுகூடத்திற் கற்ற ஒழுங்கு அறுபது வயதிலும் பணத்தைக் காத்தது.

அகவை ஏற உயர்ந்த மீடிறன்கள் செவிக்கு எட்டாது போகும். அவற்றை எக்கருவியும் எமக்கு மீட்டுத் தாராது. ஆதலின் எம்மோடு அமர்ந்து கேட்க இக்கால மாணவரை அழைக்கின்றோம். யாம் கேளாததை அவர்கள் கேட்பர். அவர்கள் அறியாத குரலை இன்னாருடையதென யாம் சொல்லுவோம். பழைய மாணவர் இல்லங்களில், பரணிலும் பெட்டியிலும் எத்தனையோ நாடாக்கள் உறங்குகின்றன. அவற்றைப் படிக்குங் கருவியும், அவற்றிலுள்ள குரலை அடையாளங் காட்டுவோரும் எஞ்சியிருக்கும்போதே அவற்றைக் கொண்டுவருமாறு வேண்டுகின்றோம். விழாக் காணும் எமது கல்லூரி அன்னைக்கு இதுவும் ஒரு காணிக்கையாகுக.