கறந்து பார்க்க முடியாத கடை

கோபிசெட்டிபாளையம் பக்கம் மூன்று ஏக்கரில் மஞ்சளும் வாழையும் வைத்திருக்கும் குடும்பம் அது. டிப்ளமோ முடித்த மகனுக்கு இரண்டு வருடமாகச் சரியான வேலை அமையவில்லை. பேர் பெற்ற டீக்கடை ஒன்றின் ஃபிரான்சைஸ் எடுத்தால், செலவு போக மாதம் 60,000 ரூபாய் கையில் நிற்கும் என்று கம்பெனி ஆள் போனில் சொன்னார். பெயருக்கு 3 லட்சம், கடையைத் தயார் செய்ய 4 லட்சம். இன்றைக்கே 50,000 அட்வான்ஸ் போடாவிட்டால் நாளைக்கு வேறு ஆளுக்குப் போய்விடுமாம். (ஏஜென்ட் யாராக இருந்தாலும் இந்த ‘நாளைக்கு’ மட்டும் மாறுவதே இல்லை.) அம்மாவின் நகையைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைப்பது என்றுகூடப் பேச்சு முடிந்துவிட்டது.

அந்த அம்மாதான் கணவரிடம் கேட்டார். “ஏனுங்க, சந்தையில மாடு வாங்கறப்ப ரெண்டு வேளை கறந்து பாத்துட்டுத்தானுங்களே காசு குடுத்தீங்க? இதை எங்கீங்க கறந்து பாக்கறது?”

சில நாடுகளில் இந்தக் கேள்விக்கு அரசாங்கமே வழி செய்து வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1979-லிருந்தே இதற்கு விதி உண்டு. இப்போதைய விதிப்படி, கையெழுத்தோ பணமோ வாங்குவதற்குக் குறைந்தது 14 நாள் முன்பே, 23 தலைப்புகளில் விவரம் அடங்கிய ஆவணத்தைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். மொத்தச் செலவு, கம்பெனி மேல் உள்ள வழக்குகள், தணிக்கை செய்த கணக்கு எல்லாம் அதில் இருக்கும். எல்லாவற்றிலும் உருப்படியானது 20-வது தலைப்பு. நடக்கிற கடைகளோடு, கடைசி நிதியாண்டில் கடையை விட்டுப் போனவர்களின் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்க வேண்டும். மலேசியாவில் 1998-ம் ஆண்டுச் சட்டம், கையெழுத்துக்கு 10 நாள் முன்பு ஆவணம் தரச் சொல்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகும், மனம் மாறினால் விலகிக்கொள்ளக் குறைந்தது 7 வேலை நாள் அவகாசம் உண்டு.

இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று இப்படித் தனிச் சட்டம் கிடையாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான் இருக்கிறது. பொய் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால், அது பொய் என்று நிரூபிக்க வேண்டியவர் பணம் போட்டவர். போனில் சொன்ன 60,000-க்கு எது சாட்சி? அதனால், சட்டம் கேட்காததை வாங்குகிறவரே எழுத்தில் கேட்க வேண்டியிருக்கிறது.

மகன் அரைமனதோடு கம்பெனிக்கு மெயில் போட்டான். இதுவரை எத்தனை கடை மூடியிருக்கிறது, அவர்களின் நம்பர் என்ன என்று கேட்டிருந்தான். மூன்று நம்பர்கள் வந்தன. மூன்றும் ஆறு மாதத்துக்குள் திறந்த கடைகள். மூவருமே ‘நல்லா போகுது’ என்றார்கள். கன்று போட்ட இரண்டாம் மாதப் பாலை வைத்து வருடக் கணக்குப் போடுவது மாதிரிதான் இது. மூடிய கடைகளைப் பற்றிப் பதிலில் ஒரு வரி இல்லை.

திருப்பூர் பக்கம் பால் வண்டி ஓட்டும் தாய்மாமன்தான் அதே போர்டு தொங்கும் ஒரு பூட்டிய கடையைப் பார்த்தார். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் விசாரித்து, கடை வைத்திருந்தவரின் நம்பரை வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதர் ஒளிவுமறைவில்லாமல் ஒரு மணி நேரம் பேசினார். டீத்தூள், மசாலா, கப் எல்லாம் கம்பெனியிடம்தான், கம்பெனி சொல்லும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். நூற்றுக்கு எட்டு ரூபாய் ராயல்டி லாபத்தில் இல்லை, விற்பனையில். நஷ்டமான மாதத்திலும் அதைக் கட்டினார். ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே இன்னொரு கடையைக் கம்பெனி திறந்தது. இந்த எல்லைக்குள் வேறு கடை வராது என்று ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லையே என்றார்கள். கட்டிய 3 லட்சம் திரும்பாது. தகராறு என்றால் டெல்லியில்தான் பேச வேண்டும் என்பதும் அதே ஆங்கில ஒப்பந்தத்தில், கடைசிப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

அதன் பிறகு மகன் அரசு இணையதளத்தில் டிரேட்மார்க் தேடினான். அதற்குக் கட்டணம் இல்லை. அந்தப் பெயர் இன்னும் பதிவாகவில்லை, விண்ணப்ப நிலையில்தான் இருந்தது. 3 லட்சம் கேட்டது அந்தப் பெயருக்கு! அட்வான்ஸ் போடவில்லை. நகை வீட்டில்தான் இருக்கிறது. அப்பாவுக்கும் மகனுக்கும் அது பற்றிய பேச்சு இன்னும் முழுசாகச் சமாதானமாகவில்லை.

கடையை மூடியவரின் ஒப்பந்தம் மனைவி பெயரில் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா அளவில் சட்டப்பணிகள் குழுக்கள் இருக்கின்றன. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இது தெரியாமலே அவர்கள் வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டார்கள். போன மாதம்தான் மனு கொடுத்தார்கள். குழு அமர்த்திய வக்கீல் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பூட்டிய கடையில் போர்டு இன்னும் தொங்குகிறது. இறக்குகிற கூலியை யார் தருவது என்று அதற்கும் ஒரு வழக்கு வந்துவிடுமோ என்று அவர் தொடாமல் வைத்திருக்கிறார்.