பழனி போன வழி

என் மேசையில் ஆறு போன்கள் கிடக்கும். நாலு ஆண்ட்ராய்டு, இரண்டு ஐபோன். எல்லாவற்றையும் ஒரு யூஎஸ்பி ஹப்பில் சொருகி, அந்த ஹப்பை லேப்டாப்பில் சொருகியிருப்போம். கோவையில் நான் வேலை பார்க்கும் இடத்தில், பஸ் டிக்கெட் எடுக்கும் ஆப் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பது என் பொறுப்பு. புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் ஆறு போனையும் கையில் எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தால் ராத்திரி ஆகிவிடும். அதனால் தட்டுகிற வேலையை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்கிறது. ஆள் தொடாமலே திரை நகரும், கட்டத்தில் எழுத்து ஏறும், பட்டன் அமுங்கும். ஆறு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

ஊர்ப்பெயரைத் தமிழிலேயே அடித்துத் தேடும் வசதி ஆப்பில் வந்த வாரம் அது. குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் எழுந்து வந்தாள்.

"அக்கா, இங்கிலீஷ்ல அடிச்சா ஏறுதுங்க. தமிழ்ல அடிச்சா கட்டம் காலியாவே நிக்குதுங்க."

போய்ப் பார்த்தேன். 'எங்கே போகணும்' என்ற கட்டத்தில் "பழனி" என்று ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். கட்டத்தில் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையில் வரிசையாகப் பிழைச் செய்தி. அதன் தலையில் 'நல் பாயிண்டர்' என்ற வார்த்தை. என்றோ அவசரத்துக்கு நானே எழுதிய குறுக்குவழி அது. போனுக்கு நேரடியாக 'இந்த எழுத்துகளை அடி' என்று சொல்லும் ஒரு கட்டளை. அந்தக் கட்டளை தன்னை ஒரு கீபோர்டாகப் பாவித்துக்கொள்ளும். 'இந்த எழுத்துக்கு எந்தச் சாவியை அமுக்கணும்' என்று போனிலுள்ள சாவி அட்டவணையைக் கேட்கும். 'ப'வுக்கு அந்த அட்டவணையில் சாவி கிடையாது. பதில் வராது, கட்டளை அங்கேயே விழுந்துவிடும்.

காரணம் புரிந்துவிட்டது. வேறு வழியில் அடிக்க வைப்பதும் பெரிய காரியமில்லை. ஆனாலும் கேள்வி போகவில்லை. லேப்டாப்பில் நான் எழுதும் ஒரு தமிழ்ச் சொல் அந்த ஒயர் வழியாக எப்படிப் போகிறது? அந்த வழியைப் போட்டவர்கள் யார், எதற்காகப் போட்டார்கள்? மூன்று வாரம், வேலை முடிந்த பின் உட்கார்ந்து தேடினேன். பழைய மூல நிரல், மாற்றக் குறிப்புகள், மாநாட்டுப் பேச்சுகள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

முதலில் ஒயர். சந்தேகமே மிச்சம் இருக்கக் கூடாதென்று, புதுப் போன் ஒன்றை எடுத்து அந்தப் பெண்ணை விட்டே முதலிலிருந்து எல்லாவற்றையும் அமைக்கச் சொன்னேன். செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு தடவை தட்டினால்தான் டெவலப்பர் பக்கம் கண்ணில் படும். 2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2லிருந்து அது இப்படி ஒளித்துத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே போய் 'யூஎஸ்பி டீபக்கிங்'கை ஆன் செய்தாள். லேப்டாப்பில் எதுவும் தெரியவில்லை. ஒயரைப் பார்த்தேன், சார்ஜ் மட்டும் ஏற்றும் ஒயர், உள்ளே டேட்டா கம்பியே கிடையாது. இந்த ஒயரால் பாதி நாள் தொலைத்தவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர். வேறு ஒயர் போட்டதும் போனின் வரிசை எண் தெரிந்தது, பக்கத்திலேயே 'அனுமதி இல்லை' என்ற குறிப்போடு. போன் திரையில் இந்தக் கணினியை நம்பலாமா என்று ஒரு கேள்வி வந்து காத்திருந்தது. ஆண்ட்ராய்டு 4.2.2லிருந்து இந்தக் கேள்வி இருக்கிறது. 'எப்போதும் அனுமதி' கொடுத்த பிறகே போன் வாய் திறந்தது.

இதையெல்லாம் நடத்துவது ஏடிபி, அதாவது ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ். 2007 நவம்பரில் ஆண்ட்ராய்டின் முதல் நிரலாளர் தொகுப்பு வெளிவந்த காலத்திலிருந்து கூடவே வருவது. மூன்று துண்டாக வேலை செய்யும். நாம் கட்டளை தரும் பகுதி ஒன்று. லேப்டாப்பில் 5037ஆம் போர்ட்டில் காத்துக்கொண்டிருக்கும் சர்வர் ஒன்று. போனுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் சின்ன நிரல் ஒன்று. எழுத்து எந்த மொழி என்பதெல்லாம் ஒயருக்குத் தெரியாது. பைட்டாகக் கொடுத்தால் பைட்டாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கோளாறு ஒயரில் இல்லை.

அடுத்தது ஆப்பியம். எங்கள் ஸ்கிரிப்ட் போனிடம் நேராகப் பேசாது. லேப்டாப்பில் 4723ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருக்கும் ஆப்பியம் சர்வரிடம்தான் பேசும். பேச்சும் ஒரு இணையப் பக்கத்தைக் கேட்பது போல ஹெச்டிடிபி வழியாகத்தான். 'பழனி' அந்த வழியில் 12 பைட்டாகப் போகிறது: ப, ழ, ன, 'னி'யின் மேல்விலங்கு என்று நாலு குறி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். போனோடு பேச பிரவுசரின் மொழி எதற்கு? இதைத் தேடிப் போனபோதுதான் பெயர்களின் கதை கிடைத்தது.

2004இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் நேர, செலவுக் கணக்குப் பக்கங்களைச் சோதிக்க ஜேசன் ஹக்கின்ஸ் ஒரு கருவி எழுதினார். அன்று சோதனைக் கருவிச் சந்தையில் பெரிய பெயர் மெர்குரி இன்டராக்டிவ். மெர்குரி என்றால் பாதரசம். பாதரச நஞ்சுக்கு செலீனியம் மருந்து என்ற பேச்சை வைத்துத் தன் கருவிக்கு செலீனியம் என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்க இணையப் பக்கங்களைச் சோதிப்பவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள்.

2011இல் சூஸ்க் என்ற நிறுவனத்தில் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் டேன் குயெல்லார். ஐபோன் ஆப்பைச் சோதிக்க ஆகும் நேரம் அவரை வாட்டியது. ஆப்பிள் தந்திருந்த கருவியை செலீனியத்தின் நடையிலேயே ஓட்ட ஒரு வழி கண்டுபிடித்து, சி ஷார்ப்பில் எழுதினார். 2012இல் லண்டனில் நடந்த செலீனியம் மாநாட்டில் அவர் பேச வந்தது வேறொரு தலைப்பில். நடுவே இதையும் காட்டினார். கேட்டவர்களின் ஆர்வத்தைப் பார்த்து, மறுநாள் ஐந்து நிமிடப் பேச்சுக்கும் பெயர் கொடுத்தார். மேடையேறியதும் கணினி படத்தைத் திரைக்குத் தரவில்லை. அந்த நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தவர் ஹக்கின்ஸ். அடுத்த ஆளைக் கூப்பிடலாம் என்ற நிலைமை. கடைசி நொடியில் படம் விழுந்தது. சில மாதம் கழித்து ஹக்கின்ஸே அவரைத் தேடிப் போன் செய்தார். அந்த ஆகஸ்டில் நிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஹெச்டிடிபி சர்வரைச் சேர்த்தது ஹக்கின்ஸ்தான். அதனால்தான் எந்த மொழியில் ஸ்கிரிப்ட் எழுதினாலும் போன் கேட்கிறது.

பெயருக்கும் ஒரு சோதனை வந்தது. முதலில் 'ஆப்பிள்கார்ட்' என்று முடிவு செய்திருந்தார்கள். மறுநாள் ஆப்பிளின் வணிகச் சின்ன விதிகளை ஹக்கின்ஸ் புரட்டினால், வைக்கக் கூடாத பெயர்களுக்கு முதல் உதாரணமே 'ஆப்பிள்கார்ட்'. மறுபடி உட்கார்ந்து யோசித்தபோது, ஆப்களுக்கான செலீனியம் என்ற பொருளில் ஆப்பியம் பிறந்தது. அந்தக் கடைசி நொடியில் படம் விழாமல் போயிருந்தால் என் மேசையில் இன்று என்ன இருக்கும் என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

போனுக்குள் ஆப்பியம் ஒரு சின்ன சர்வரை நிறுவுகிறது. அது 6790இல் காத்திருக்கும். லேப்டாப்பின் 8200ஆம் போர்ட்டை ஏடிபி அதோடு இணைத்துவிடும். நாலு ஆண்ட்ராய்டு போனையும் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டுமென்றால் 8200, 8201 என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு போனுக்குச் சொன்னது குழம்பிப்போகும். ஐபோன் பக்கம் இந்த வேலையைச் செய்வது 2015இல் ஃபேஸ்புக் வெளியிட்ட வெப்டிரைவர்ஏஜென்ட்.

இவ்வளவு தூரம் வந்தும் ஒரு முடிச்சு அவிழவில்லை. திரையில் 'எங்கே போகணும்' என்ற கட்டம் எங்கே இருக்கிறதென்று அந்தச் சின்ன சர்வருக்கு எப்படித் தெரிகிறது?

விடை தற்செயலாகக் கிடைத்தது. நாலு போனில் ஒன்றில் யாரோ டாக்பேக்கை ஆன் செய்து வைத்திருந்தார்கள். பார்வையில்லாதவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் வசதி அது. விரல் படும் இடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தது. அணைக்க நேரமில்லாமல் ஸ்கிரிப்ட்டை ஓட விட்டேன். குரல் சட்டென்று நின்றது. ஸ்கிரிப்ட் முடிந்ததும் மறுபடி பேச ஆரம்பித்தது. இன்னொரு தடவை ஓட்டினேன். அதே மாதிரி நின்றது, அதே மாதிரி திரும்பி வந்தது.

ஆண்ட்ராய்டின் ஆவணத்தில் காரணம் எழுதியே இருக்கிறது. சோதனைக் கருவி திரையைப் பார்க்கும் ஜன்னலும் டாக்பேக் பார்க்கும் ஜன்னலும் ஒன்றே. சோதனை உள்ளே வரும்போது, வேறாகச் சொல்லாவிட்டால், டாக்பேக் போன்ற சேவைகளை ஆண்ட்ராய்டு நிறுத்தி வைக்கும். திரையிலுள்ள ஒவ்வொரு பொருளும் அங்கே ஒரு வரி. அதில் எழுதியிருப்பது என்ன, அதன் விவரிப்பு என்ன, தட்ட முடியுமா, எந்த மூலையிலிருந்து எந்த மூலை வரை இருக்கிறது என்று வரிசையாக. ஆறு வருஷமாக நான் தினமும் படித்துக்கொண்டிருந்த அந்தப் பட்டியல், கண் தெரியாத ஒருவரின் காதுக்காக உண்டாக்கப்பட்டது.

உண்டாக்கியவர்களைத் தேடினால் டி.வி. ராமன் வருகிறார். புனேயில் வளர்ந்தவர். கிளாக்கோமாவால் 14 வயதில் பார்வை போனது. பாம்பே ஐஐடியில் படித்து, கணிதம் நிறைந்த நூல்களைக் கணினி வாய்விட்டு வாசிக்கும் வழிக்காக 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். கூகுளில் சார்ல்ஸ் சென்னோடு சேர்ந்து, பார்க்காமலே போனைக் கையாளும் வழிகளில் வேலை செய்தார். 2009இல் ஆண்ட்ராய்டு 1.6 வந்தபோது அணுகல் வசதிக்கான அடித்தளமும் டாக்பேக்கும் அதனோடு வந்தன.

ராமன் செய்த எண் டயலர் ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடித் திரையில் தடவிப் பார்க்க மேடு பள்ளம் கிடையாது. எந்த எண் எங்கே என்று விரலுக்குத் தெரியாது. அதனால் விரல் முதலில் எங்கே பட்டாலும் அந்த இடம்தான் 5. அங்கிருந்து இடது மேலே நகர்த்தினால் 1, வலது கீழே நகர்த்தினால் 9. தப்பாகிவிட்டால் போனை ஒரு உதறு; போட்ட எண் அழிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு மேசை மேல் விரலை வைத்து எங்கள் வீட்டு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நாலாவது எண்ணுக்குள் விரலுக்குப் பழகிவிட்டது.

இனி எழுத்து. கட்டத்தைக் கண்டுபிடித்தாயிற்று, அதில் 'பழனி'யை எப்படி இறக்குவது? ஆப்பியத்தின் ஆரம்ப வருஷங்களில் இதற்கு ஒரு சுற்றுவழி இருந்தது. ஆண்ட்ராய்டில் அன்று சோதனைக் கருவி ஆங்கில எழுத்துகளை மட்டுமே அடிக்கும். ஜப்பானிய நிரலாளர் ஒருவருக்கும் இதே சிக்கல், தன் மொழியில் வந்திருக்கிறது. அவர் ஒரு போலிக் கீபோர்டு செய்தார். சொல்லை முதலில் ஆங்கில எழுத்துகளாக மாற்றி அடிப்பது. போனிலுள்ள கீபோர்டு அதை வாங்கித் திரும்பவும் மூல மொழிக்கு மாற்றிக் கட்டத்தில் போடுவது. மாற்றுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட முறை மின்னஞ்சலுடையது. 1996இல் வந்த ஐமேப் விதிமுறையில், ஆங்கிலம் அல்லாத மொழிகளில் அஞ்சல் கோப்புறைகளுக்குப் பெயர் வைப்பதற்காகச் சொல்லப்பட்ட, திருத்திய யூடிஎஃப்-7.

ஒரு தாளை எடுத்துக் கையால் போட்டேன். 'பழனி'யின் நாலு குறிக்கு எட்டு பைட், 64 பிட். ஆறு ஆறாகப் பிரித்தால் 11 எழுத்து வருகிறது: சி, 6, ஓ, எல், டி, ஏ, யூ, பி, சி, 7, 8. முன்னால் ஒரு & குறி, முடிவில் ஒரு கோடு. ஆக 13. வாசித்தால் ஒன்றும் புரியாது. போனில் போய் இறங்கும்போது பழனி. ஜப்பானிய மொழிக்காகப் போட்ட அந்தச் சுற்றுப்பாதையில் எத்தனை தமிழ்ச் சொற்கள் போய் வந்திருக்கும்!

இப்போது அந்தச் சுற்று வேண்டியதில்லை. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0இல், ஒரு கட்டத்தில் நேராக எழுத்தை வைக்கும் செயல் ஒன்று சேர்க்கப்பட்டது. சேர்த்த இடம் மறுபடியும் அதே அணுகல் வசதிதான். ஆப்பியம் இன்று எழுதுவதும் அதன் வழியாகவே. கீபோர்டே நடுவில் வராததால் எந்தச் சாவி என்ற கேள்விக்கு இடமில்லை. என் பழைய குறுக்குவழியை அழித்துவிட்டு ஆப்பியத்தின் முறையான கட்டளையைப் போட்டோம். கட்டத்தில் 'பழனி' வந்து நின்றது. அந்தப் பெண் கை தட்டினாள்.

அன்றே இன்னொன்றும் செய்தேன். புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் இடம் மாற்றிப் போட இரண்டு அம்புக்குறி போட்ட பட்டன் ஒன்று எங்கள் ஆப்பில் இருக்கிறது. அதற்குப் பெயர் எதுவும் எழுதப்படவில்லை. அதனால் 'மேலிருந்து மூன்றாவது படம்' என்றே இரண்டு வருஷமாக ஸ்கிரிப்ட்டில் குறித்து வைத்திருந்தேன். திரையில் ஒரு படம் கூடினால் சோதனை விழும். நான் எண்ணை மாற்றுவேன். இப்போது டாக்பேக்கை ஆன் செய்து அதன் மேல் விரல் வைத்தேன். 'அன்லேபிள்டு பட்டன்' என்றது. எனக்குச் சோதனை விழுவது ஒரு தொந்தரவு. கண் தெரியாமல் பழனிக்கு டிக்கெட் எடுக்க வந்தவருக்கு அங்கே பட்டனே இல்லை. இரண்டு வருஷம் அது என் கண் முன்னால் இருந்திருக்கிறது.

டெவலப்பரைக் கூப்பிட்டுக் காதில் கேட்க வைத்தேன். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'ஊர்களை இடம் மாற்று' என்று ஒரு வரி சேர்த்தார். மறுநாள் பதிப்பில் அந்தப் பெயரைக் கொண்டே ஸ்கிரிப்ட் பட்டனைக் கண்டுபிடித்தது.

அந்த வாரம் முழு ஆப்பையும் டாக்பேக்கில் கேட்டு நானும் அந்தப் பெண்ணும் ஒரு பட்டியல் போட்டோம். பெயரில்லாத பட்டன்கள் 31. அதில் 12 முடிந்துவிட்டது. சீட் தேர்ந்தெடுக்கும் திரை இந்தக் கணக்கில் சேராது. அதில் 36 சீட்டும் சேர்ந்து ஒரே படம், எங்கே விரல் வைத்தாலும் டாக்பேக் பேசுவதில்லை. திங்கட்கிழமை அதைக் கையில் எடுக்கிறோம்.