தாம்பரத்துக்கு அப்பால்

தெற்கே சொந்த ஊர் உள்ளவர்களுக்குத் தாம்பரம் என்றாலே ஒரு தனி உணர்ச்சி. தீபாவளியோ, பொங்கலோ, பெரியம்மா பெண் கல்யாணமோ, எதற்குப் புறப்பட்டாலும் தாம்பரம் தாண்டினால்தான் "கிளம்பியாயிற்று" என்று மனசு ஒப்புக்கொள்கிறது. அதுவரைக்கும் காஸை மூடினோமா, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டோமா என்கிற கவலைதான்!

மின்சாரத்துக்கும் ஒரு காலத்தில் தாம்பரமே எல்லையாக இருந்தது. 1931-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. தலைக்கு மேலே கம்பி; கம்பியில் 1500 வோல்ட். தாம்பரத்தோடு கம்பி முடிந்துவிடும். அதற்கு அப்பால் கரியும் புகையும்தான். விழுப்புரம் வரை கம்பி நீண்டது 1965-ல். இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். அந்த நாள் மின்சார எஞ்சினோடு பாட்டரி நிறைந்த வண்டி ஒன்றைக் கோப்பதுண்டாம். கம்பி இல்லாத பக்கப் பாதைகளுக்குள் அந்தப் பாட்டரியின் தயவில் எஞ்சின் போய்வரும். இன்றைக்குப் பச்சை நம்பர் பலகையோடு உங்கள் வாசலில் நிற்கிறதே மின்சாரக் கார், அது செய்வதும் இதே வேலைதான்.

ஆனால் கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு? வழியில் சத்திரம் வேண்டாமா? 2022-ல் பாரத் பெட்ரோலியம் கம்பெனி சென்னை-திருச்சி-மதுரை நெடுஞ்சாலையில், ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்கு ஒன்றாகத் தன் பெட்ரோல் பங்குகளில் விரைவு சார்ஜர்களை வைத்தது. பிறகு மற்றக் கம்பெனிகளும் வந்தன. சாலையோர ஹோட்டல் வாசல்களிலும் இப்போது அந்தப் பெட்டிகளைப் பார்க்கலாம்.

"வீட்டிலேதான் பிளக் இருக்கிறதே, இந்தப் பெட்டியில் அப்படி என்ன விசேஷம்?" என்று கேட்பீர்கள். நம் வீட்டுக்கு வருவது ஏ.சி. மின்சாரம். பாட்டரிக்கோ டி.சி.தான் ஜீரணமாகும். ஆகவே வீட்டில் பிளக்கைச் செருகினால், காருக்குள் இருக்கும் ஒரு சிறிய கருவி அதை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். வீட்டு ஆட்டுக்கல்லில் மாவரைப்பது போல! 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும். 45 யூனிட் பிடிக்கும் பாட்டரி நிரம்பப் பதினைந்து மணி நேரம். சாலையில் உள்ள பெட்டி, மாவு மில். பெரிய யந்திரம் வெளியிலேயே இருந்து அரைத்து, தயார் மாவாகக் கொடுத்துவிடுகிறது. 60 கிலோவாட் பெட்டியானால் இருபது சதவீதத்திலிருந்து எண்பதுக்கு முக்கால் மணியில் ஏறிவிடும்.

எண்பதுக்கு மேல்தான் சங்கதி. குடம் நிரம்பும் சமயத்தில் நீங்கள் குழாயைச் சிறிதாகத் திருப்புவீர்கள் அல்லவா? காரும் அப்படியே. பாட்டரிக்குச் சூடு ஏறாமலிருக்கப் போகப்போக மெதுவாக வாங்கிக்கொள்ளும். கடைசி இருபது சதவீதத்துக்கு இன்னொரு அரை மணி, முக்கால் மணி ஆனாலும் ஆகும். ஆகவே எண்பதில் எழுந்துவிடுவது நமக்கும் நல்லது, பின்னால் காத்திருப்பவருக்கும் புண்ணியம். இன்னொன்று: ஒரே பெட்டியில் இரண்டு குழாய்கள் இருந்தால், பக்கத்தில் இன்னொரு கார் வந்து மாட்டியதும் பல இடங்களில் 60 என்பது முப்பது முப்பதாகப் பங்கு போய்விடும். உங்கள் வீட்டுக்காரர் திடீரென்று முகத்தைச் சுளித்தால் காரணம் அதுதான். உங்கள் புளியோதரை அல்ல.

பணம் கட்டுவதிலும் கூத்து உண்டு. கம்பெனிக்கு ஒரு செயலி, அதிலே முன்பணம். அஞ்சறைப் பெட்டி மாதிரி ஃபோனில் அஞ்சு செயலிகள்! யூனிட் விலை வீட்டைவிட நன்றாகவே அதிகம். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிறோமே, கொடுக்காமல் முடியுமா?

தாம்பரத்திலிருந்து திருச்சி சுமார் 300 கிலோமீட்டர். விளம்பரத்தில் 450 ஓடும் என்று போட்டிருந்தாலும், ஏ.சி.யும் நாலு பேரும் மூட்டை முடிச்சுமாக வேகமாய்ப் போகும்போது 300 கிடைத்தால் பெரிது. ஆகவே வழியில் ஓர் இடத்தில் நிற்கத்தான் வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. பெருங்களத்தூரும் வண்டலூரும் தாண்டி, 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்து நெரிசலில் நெளிந்து, பரனூர் சுங்கச் சாவடி, கொளவாய் ஏரி, பாலாற்றுப் பாலம் எல்லாம் கடந்தால் மதுராந்தகம். அந்தப் பெரிய ஏரி 1798-ல் உடையும் தறுவாயில் இருந்ததாம். கலெக்டர் பிளேஸ் துரை இரவில் போய்ப் பார்த்தபோது, வில்லும் கையுமாக இரண்டு வீரர்கள் கரையைக் காவல் காப்பதைக் கண்டாராம். ஏரி காத்த ராமர் என்று சுவாமிக்குப் பெயர் வந்த கதை இது. பஸ்ஸில் போனால் தூங்கிக்கொண்டே தாண்டிவிடுவோம். முக்கால் மணி சும்மா நிற்கும்போதுதான் குழந்தைகள் கதை கேட்கின்றன.

சேலையூரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் போன வருஷம் பெண்ணையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு தானே கார் ஓட்டிப் போனார். இரவு ஒன்பது மணி. செயலி காட்டிய பங்குக்குள் நுழைந்தால், சார்ஜர் பின்பக்கத்து மூலையில், விளக்குக்கூட இல்லாத இடத்தில்! அலுவலகத்தில் இருந்த பையன் எட்டிப் பார்த்ததோடு சரி. பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். பாட்டரியில் பதினெட்டு சதவீதம்தான். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தார். ஏ.சி.யை அணைத்து, வேகத்தை அறுபதாகக் குறைத்து, இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி வெளிச்சமான ஓர் ஹோட்டல் வாசலுக்குப் போய்த்தான் நிறுத்தினார். அங்கே வேகம் பாதிதான். ஒன்றரை மணி ஆயிற்று. "ஆகட்டுமே! மாமியார் முழங்காலுக்கு நாற்காலி கிடைத்தது, பெண் பயப்படாமல் இட்லி சாப்பிட்டாள்" என்றார்.

கிலோவாட் கணக்கைச் செயலி காட்டும். விளக்கு, கழிப்பறை, ஆள் நடமாட்டம், உட்கார ஒரு பெஞ்சு, இவற்றைப் பெரும்பாலும் நாம்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. சார்ஜர் வைக்கிறவர்கள் இடம் பார்க்கப் போகும்போது வீட்டுப் பெண்மணி ஒருவரைக் கூட அழைத்துப் போனால் என்ன? இருக்கிற பெட்டிகளும் ஆளுக்கொன்றாக மூலைக்கு மூலை கிடக்காமல், ஒரே இடத்தில் நாலைந்தாக இருந்தால் பண்டிகை நாளில் ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும்.

ஊருக்குள்ளேயும் இந்தப் பாடு உண்டு. 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து மின்சார பஸ்கள் புறப்பட்டன. பஸ்ஸுக்குப் பணிமனையில் சார்ஜர் உண்டு. மேடவாக்கத்திலும் மாடம்பாக்கத்திலும் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் குடியிருப்பவர் காருக்கு? கீழே நிறுத்தும் இடத்தில் பிளக் போடச் சங்கம் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால், தினப்படிக்கே சாலைப் பெட்டிதான் கதி.

பொங்கலுக்குப் போவதென்றால், முதல் நாள் இரவே வீட்டில் நூறு சதவீதம் ஏற்றிவிட்டு விடியற்காலை நாலு மணிக்குள் தாம்பரத்தைத் தாண்டிவிடுங்கள். திண்டிவனம் பக்கத்தில், பாட்டரியில் ஐம்பது மிச்சம் இருக்கும்போதே நின்றுவிடுங்கள். அங்கே கூட்டமாக இருந்தால் அடுத்த இடத்துக்குப் போகத் தெம்பு இருக்கும். ஊரில் மாமனார் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் போட்ட 15 ஆம்பியர் பிளக்குக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.